வீட்டு மேசைக்கு ஒரு வெப்பத்தட்டு: எதைப் பார்த்து வாங்குவது?

க.பொ.த. உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு

கையடக்கத் தொலைபேசி முதல் கூரையில் எரியும் மின்குமிழ் வரை நாம் பாவிக்கும் எந்தப் பொருளைத் திறந்தாலும் உள்ளே ஒரு சுற்றுப்பலகையும், அதன்மேல் அரிசிமணியை விடச் சிறிய பாகங்களும் இருக்கும். சாதாரண தரத்தில் நாம் படித்த தடையிகளுக்கும் கொள்ளளவிகளுக்கும் இரண்டு கம்பிக் கால்கள் இருந்தன. அவற்றைப் பலகையின் துளைகளில் செருகி, சோல்டரிங் அயனால் பற்றாசு வைத்தோம். இன்றைய பாகங்களுக்குக் கால்கள் இல்லை. 0805 என்று அழைக்கப்படும் தடையி 2 மில்லிமீற்றர் நீளமும் 1.25 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. அதற்கு அடுத்த சிறிய அளவான 0603 வெறும் 1.6 மில்லிமீற்றர் நீளமே. இவை பலகையின் மேற்பரப்பிலேயே படுத்து ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே இவற்றை ஒட்டும் முறையும் மாறிவிட்டது.

அந்தப் புதிய முறைக்கான கருவிகளுள் மிக எளியது வெப்பத்தட்டு. கடையில் "ஹொட் பிளேட்" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். கீழே சூடாக்கி, மேலே சமதளமான உலோகத் தட்டு, அவ்வளவுதான். பலகையை அதன்மேல் வைத்தால், எல்லாப் பாகங்களின் பற்றாசும் ஒரே நேரத்தில் உருகி, ஒரே நேரத்தில் இறுகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் பொருள் எதையும் யோசித்தே வாங்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், ஒரு சிறு பாகம் பழுதானதற்காக முழுப் பொருளையும் வீசிவிடும் வீண்விரயமும் நம் வீடுகளில் நடக்கிறது. எனவே ஒரு மாணவி குறைந்த செலவில், வீட்டாருக்குத் தீங்கு வராமல், எந்த வெப்பத்தட்டை வாங்கலாம் என்பதை நாம் படிக்கும் பௌதிகவியலைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சோல்டரிங் அயன் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். ஆனால் போதாத இடங்களும் உண்டு. மிக நல்ல உதாரணம் நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது: எல்.ஈ.டி. மின்குமிழ். அதன் வெள்ளை மூடியைக் கழற்றினால் வட்டமான ஒரு பலகையும், அதன்மேல் மஞ்சள் நிறச் சதுரங்களும் தெரியும். அந்த மஞ்சள் சதுரங்களே ஒளிகாலும் இருவாயிகள். அநேகமான குமிழ்களில் அவை தொடராக இணைக்கப்பட்டிருக்கும். தொடர்ச் சுற்றில் ஒன்று அறுந்தால் மின்னோட்டம் முழுவதும் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பத்துப் பன்னிரண்டு இருவாயிகளில் ஒன்றே ஒன்று எரிந்தாலும் குமிழ் முழுவதும் இருண்டுவிடும். எரிந்ததன் நடுவில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமே என்று அயனை வைத்தால் பற்றாசு இலகுவில் உருகாது. காரணம், அந்தப் பலகை அலுமினியத்தால் ஆனது. சாதாரண பச்சைப் பலகை கண்ணாடி இழையும் பிசினும் கலந்தது. அதன் வெப்பக் கடத்தாறு, மீற்றருக்கும் கெல்வினுக்கும், சுமார் 0.3 வாற்று. அலுமினியத்துக்கோ அது 200க்கும் மேல். அயனின் நுனி கொடுக்கும் வெப்பத்தைப் பலகை நாற்புறமும் இழுத்துக்கொள்கிறது. குமிழ் எரியும்போது இருவாயியின் சூட்டை இழுத்துக் காப்பதற்காகவே அலுமினியம் வைக்கப்பட்டது. திருத்தும்போது அதே குணம் நமக்குத் தடையாகிறது. பலகை முழுவதையும் கீழிருந்து சூடாக்கினால் வெப்பம் ஓடிப்போக இடமில்லை. ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் பற்றாசு உருகி, பழுதான இருவாயியைச் சாவணத்தால் தூக்கி எடுக்கலாம்.

முதலில் பற்றாசைத் தெரிவு செய்க

தட்டை வாங்கும் பலரும் முதலில் தட்டின் படத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தப் பற்றாசைப் பாவிப்பது என்பதையே. தட்டு எவ்வளவு சூடேற வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது. மூன்று வகைகளை அறிந்தால் போதும்.

ஒன்று, வெள்ளீயம் 63 வீதமும் ஈயம் 37 வீதமும் கொண்ட பழைய கலவை. இது சரியாக 183 பாகை செல்சியஸில் உருகும். கூழாகும் இடைநிலை இல்லாமல், திண்மத்திலிருந்து நேரே திரவமாகும். கற்றுக்கொள்பவருக்கு மிக இலகுவானது. ஆனால் ஈயம் நச்சு உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்சார, இலத்திரனியல் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது.

இரண்டு, அதற்குப் பதிலாக வந்த ஈயமற்ற கலவை. வெள்ளீயம் 96.5 வீதம், வெள்ளி 3 வீதம், செம்பு 0.5 வீதம் கொண்டது இவற்றுள் பரவலானது. இது 217 முதல் 220 பாகைக்குள் உருகும். இப்போது தொழிற்சாலையில் இருந்து வரும் பலகைகளில் பெரும்பாலும் இவ்வகையையே எதிர்பார்க்க வேண்டும்.

மூன்று, வெள்ளீயம் 42 வீதமும் பிஸ்மத் 58 வீதமும் கொண்ட தாழ்வெப்பக் கலவை. 138 பாகையிலேயே உருகிவிடும். ஈயமும் இல்லை. கேட்பதற்கு இதுவே சிறந்தது போலத் தோன்றும். ஆனால் அதன் மூட்டு எளிதில் உடையக்கூடியது. எரியும்போது நன்றாகச் சூடேறும் மின்குமிழ்ப் பலகைக்கு இது ஏற்றதல்ல. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஈயப் பற்றாசு ஒட்டியிருக்கும் பழைய பலகையில் இதைக் கலந்துவிட்டால், வெள்ளீயமும் ஈயமும் பிஸ்மத்தும் சேர்ந்த ஒரு கலவை உருவாகலாம். அது ஏறத்தாழ 96 பாகையிலேயே, அதாவது கொதிநீரை விடக் குறைந்த வெப்பநிலையில், உருகத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். புதிய பலகை ஒன்றில் பிஸ்மத் பேஸ்ட்டைக் கொண்டு பாகங்களை ஒட்டுவதற்கு 170 பாகை வரை ஏறும் தட்டே போதும். ஆனால் தொழிற்சாலை ஒட்டிய பாகத்தைக் கழற்ற வேண்டுமென்றால் 220 பாகையைத் தாண்ட வேண்டும். ஒட்டுவதற்கு மட்டுமா, திருத்துவதற்குமா என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலே தட்டின் உயர்ந்தபட்ச வெப்பநிலையை நிர்ணயிக்கிறது. திருத்தவும் வேண்டுமென்றால் 250 பாகையை எட்டும் தட்டையே பாருங்கள்.

வெப்பம் படிப்படியாக ஏற வேண்டும்

சோற்றை ஒரே தீயில் வைத்து அவிப்பதில்லை. கொதி வரும்வரை ஒரு தீ, பிறகு தணல். பற்றாசுக்கும் அப்படித்தான். நான்கு கட்டங்கள் உண்டு.

முதலாவது, அறை வெப்பநிலையிலிருந்து மெதுவாக ஏற்றுவது. செக்கனுக்கு 1 முதல் 3 பாகை என்பது பொருத்தமான வேகம். அதைவிட வேகமாக ஏற்றினால் செரமிக் கொள்ளளவிகள் வெடிக்கலாம். இரண்டாவது, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை நிறுத்துவது. ஈயப் பற்றாசுக்கு இது 150 பாகை அளவில் இருக்கும். இந்த நேரத்தில் பேஸ்ட்டிலுள்ள பிளக்ஸ் வேலை செய்து உலோகப் பரப்பைச் சுத்தப்படுத்துகிறது. சிறிய பாகமும் பெரிய பாகமும் ஒரே சூட்டுக்கு வருகின்றன. மூன்றாவது, உருகுநிலையை 20 முதல் 40 பாகை தாண்டி ஏற்றி, பற்றாசை 30 முதல் 60 செக்கன்கள் வரை திரவமாக வைத்திருப்பது. சாம்பல் நிறமாக இருந்த பேஸ்ட் திடீரென்று வெள்ளி போல மின்னுவதையும், சற்றுக் கோணலாக வைத்த பாகம் திரவத்தின் மேற்பரப்பிழுவையால் தானாக நேராவதையும் இப்போது கண்ணாலேயே காணலாம். நான்காவது, பலகையைத் தட்டிலிருந்து எடுத்து, அசைக்காமல் ஆறவிடுவது.

இந்த நான்கில் மூன்றாவதை எந்தத் தட்டும் செய்யும். முதலாவதையும் இரண்டாவதையும் செய்ய வெப்பநிலைக் கட்டுப்பாடு வேண்டும். விலை வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் இதுவே.

கிடைக்கும் வகைகள்

முதலாவது வகை, கட்டுப்பாடற்ற சிறு தட்டு. உள்ளங்கையளவு அலுமினியத் தட்டும், அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் மாத்திரமே இருக்கும். இதுவே ஆக மலிவு. இதன் உள்ளே இருப்பது பேரியம் தைத்தனேற்று அடிப்படையிலான ஒரு செரமிக். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அதன் தடை சடுதியாக உயர்ந்து, மின்னோட்டம் குறைந்து, சூடு தானாகவே ஓரிடத்தில் நிற்கும். ஓமின் விதியைப் படித்த எவருக்கும் இது அழகான சாதனமாகவே தோன்றும். ஆனால் எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவானது. 260 பாகைத் தட்டை வாங்கினால் அது 260ஐ நோக்கித்தான் ஓடும். நடுவில் நிறுத்த வழியில்லை. பற்றாசு உருகியதும் பலகையை நீங்களே தூக்க வேண்டும். மின்குமிழ்ப் பலகைக்கு இது சரிவரும். கற்றுக்கொள்ளும் மாணவியின் பலகைகளுக்கு அவ்வளவு பொருந்தாது. அதைவிடப் பெரிய குறை, வீட்டின் 230 வோல்ற்று நேரே அந்தத் தட்டுக்குள் போகிறது. அநேகமானவற்றில் புவித்தொடுப்புக் கம்பியே இல்லை.

இரண்டாவது வகை, மடிக்கணினியின் டைப்-சி சார்ஜரில் வேலை செய்யும் சிறு தட்டு. மினிவேர் நிறுவனத்தின் எம்.எச்.பி.30 இவ்வகையில் பலரும் அறிந்தது. அதன் தட்டு 30 மில்லிமீற்றர் சதுரம். இதே வடிவில் வேறு நிறுவனங்களின் தட்டுகளும் உண்டு. சார்ஜரிலிருந்து வருவது 20 வோல்ற்று மட்டுமே. ஆகவே தட்டில் கைபட்டால் மின்னதிர்ச்சி ஏற்படும் அபாயம் மிகக் குறைவு. வெப்பநிலையைத் திரையில் பார்த்து மாற்றலாம். குறை, பரப்பு சிறியது. மேலும் 20 வோல்ற்றில் 3.25 அம்பியர், அதாவது 65 வாற்று தரக்கூடிய சார்ஜர் வேண்டும். சாதாரண தொலைபேசிச் சார்ஜரில் போதிய சூடு வராது. அத்தகைய சார்ஜர் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இதுவே மலிவு. இல்லாவிட்டால் அதன் விலையையும் தட்டின் விலையோடு கூட்டியே பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் வரும் 230 வோல்ற்றுத் தட்டு. 100 மில்லிமீற்றர் சதுரம், 200 மில்லிமீற்றர் சதுரம் என்ற அளவுகளில் கிடைக்கிறது. திருத்தும் கடைகளில் காணப்படுவது இதுவே. பெரிய பலகைகள் செய்வோருக்கு உகந்தது. ஒரு மாணவிக்கு 200 மில்லிமீற்றர் தேவைப்படுவது அரிது.

நான்காவதாக, வீட்டில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் வழிகளைப் பலர் சொல்வார்கள். துணி அழுத்தும் அயனைத் தலைகீழாகப் பிடிப்பது அவற்றில் ஒன்று. அது உருண்டு விழும்; ஆவி வரும் துளைகளால் பரப்பு சமமில்லை; ஈயமற்ற பற்றாசை உருக்கும் அளவுக்குச் சூடேறும் என்ற நம்பிக்கையும் இல்லை. சமைக்கும் மின்னடுப்பு மற்றொன்று. அதன் சூடு கட்டுப்படுத்தி பெரிய இடைவெளியில் விட்டுவிட்டு வேலை செய்வதால் வெப்பநிலை மேலும் கீழும் ஊசலாடும்; கனமான இரும்புத் தட்டு ஆறவும் நேரமெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றாசு பட்ட அடுப்பில் மீண்டும் சமைக்கவே கூடாது. எனவே அது மலிவான வழியல்ல. ஓர் அடுப்பை இழக்கும் வழி.

ஒரு சிறு கணக்கு

விளம்பரத்தில் வாற்று அளவு பெரிதாக எழுதப்பட்டிருக்கும். வாற்று கூடினால் தட்டு சிறந்தது என்று எண்ண வேண்டாம். நாம் படித்த சமன்பாட்டையே போட்டுப் பார்ப்போம்: தேவைப்படும் வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்.

100 மில்லிமீற்றர் சதுரமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட அலுமினியத் தட்டின் கனவளவு 100 கன சென்ரிமீற்றர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்பதால் திணிவு 270 கிராம். தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கும் கெல்வினுக்கும் 900 யூல். அறை வெப்பநிலை 30 பாகையிலிருந்து 230 பாகைக்கு ஏற்ற, 0.27 × 900 × 200 = 48,600 யூல் வேண்டும். 400 வாற்றுச் சூடாக்கி இதைக் கொடுக்க ஏறத்தாழ 122 செக்கன்கள்.

இப்போது 50 மில்லிமீற்றர் சதுரமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட சிறு தட்டு. கனவளவு 12.5 கன சென்ரிமீற்றர், திணிவு ஏறத்தாழ 34 கிராம், தேவையான வெப்பம் ஏறத்தாழ 6,100 யூல். 60 வாற்றுக்கு அது 102 செக்கன்கள்.

அதாவது 60 வாற்றுச் சிறு தட்டு 400 வாற்றுப் பெரிய தட்டைவிடச் சற்று வேகமானது. காற்றுக்கு இழக்கப்படும் வெப்பத்தை இரண்டு கணக்கிலும் விட்டிருக்கிறோம். உண்மையில் இரண்டுமே இதைவிடக் கூடுதல் நேரமெடுக்கும். ஆனால் ஒப்பீடு தெளிவானது. பார்க்க வேண்டியது வாற்றை அல்ல, தட்டின் திணிவுக்கு எத்தனை வாற்று என்பதையே. தடித்த தட்டு சூட்டைச் சமமாகப் பரப்பும். ஆனால் மெதுவாக ஏறி, மெதுவாக ஆறும். மெல்லிய தட்டு சொன்னதும் கேட்கும். ஆனால் நடுவும் ஓரமும் வேறுபடலாம்.

மின்சாரப் பாதுகாப்பு

230 வோல்ற்றுத் தட்டை வாங்குவோர் விலையைக் கேட்கும் முன் செருகியைப் பாருங்கள். மூன்று முனைச் செருகியும் மூன்று கம்பி வயரும் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருந்தாலும் போதாது. பச்சை-மஞ்சள் கம்பி உண்மையாகவே தட்டின் உலோகத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எந்தக் குதையிலும் செருகாமல், பல்மானியைத் தடை அளவில் வைத்து, செருகியின் நீண்ட முனைக்கும் தட்டின் உலோகத்துக்கும் இடையே அளவுங்கள். வாசிப்பு பூச்சியத்துக்கு அண்மையாக இருக்க வேண்டும். மற்ற இரு முனைகளுக்கும் தட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. இந்த இரண்டு வாசிப்பில் ஒன்று பிழைத்தாலும் அத்தட்டைச் செருகக் கூடாது. கம்பி மாற்றும் வேலையை அனுபவமுள்ள மின்னியலாளரிடம் கொடுங்கள்.

13 அம்பியர்ச் செருகியின் உள்ளே ஓர் உருகி உண்டு. 400 வாற்றுத் தட்டு எடுக்கும் மின்னோட்டம் 400 ÷ 230, அதாவது ஏறத்தாழ 1.7 அம்பியர். எனவே 13 அம்பியர் உருகியை எடுத்துவிட்டு 3 அம்பியர் உருகியைப் போடுவதே சரி. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தட்டுக்குக் கீழே ஓட்டுத்துண்டோ மாபிள் துண்டோ வையுங்கள். மேசை விரிப்பின் மேல் வைக்க வேண்டாம்.

மின்குமிழைத் திருத்துவோருக்கு இன்னொன்று. குமிழைத் தாங்கியிலிருந்து கழற்றிய பின்னரும் அதன் கொள்ளளவியில் ஏற்றம் தேங்கியிருக்கலாம். உடனே திறக்காமல் சில நிமிடம் விட்டு, பல்மானியால் வோல்ற்றளவைப் பார்த்த பின்னரே கைவையுங்கள். மூடி திறந்த குமிழை ஒருபோதும் தாங்கியில் மாட்டி எரித்துப் பார்க்க வேண்டாம். அதன் உட்பாகங்கள் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புடையவை.

நம் உடைகளையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். பர்தாவின் முனையை உள்ளே செருகி, அகன்ற கைகளை மடித்து ஊசியால் குத்திக்கொள்ள வேண்டும். பொலியெஸ்டர், நைலோன் துணிகள் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். வேலைக்குப் பருத்தியே நல்லது. சுட்டுவிட்டால் பற்பசையோ எண்ணெயோ பூசாமல், குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள்.

உம்மாவின் கேள்வி

என் வகுப்புத் தோழிகள் இருவரும் நானும் கூட்டாக ஒரு தட்டு வாங்குவது என்று பேசியபோது, எங்கள் வீட்டில் உம்மா விலையைக் கேட்கவில்லை. "ஈயம் நஞ்செண்டு நீங்கதானே மகள் படிச்சிச் சொன்ன? அத நம்மட குசினிக்குள்ளயா கொண்டுவரப் போற? சின்னவன் தரையிலதானே தவழ்றான்" என்று கேட்டார். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் பெரிய கேள்வி அதுதான்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது. பலர் நினைப்பது போல, பற்றாசு வைக்கும்போது எழும் புகையில் ஈயம் ஆவியாக வருவதில்லை. அந்தச் சூட்டில் ஈயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாகாது. புகை பிளக்ஸிலிருந்து வருவது. அது கண்ணையும் நெஞ்சையும் உறுத்தும்; ஆஸ்துமாவையும் உண்டாக்கலாம். ஈயம் உடலுக்குள் போகும் வழி வேறு: விரலிலிருந்து வாய்க்கு, மேசையிலிருந்து தேநீர்க் கோப்பைக்கு, தரையில் விழுந்த துணுக்கிலிருந்து தவழும் பிள்ளையின் கைக்கு.

ஆகவே சிறுபிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஈயமற்ற பற்றாசையே வாங்குங்கள். அதற்காகத் தட்டு 250 பாகையை எட்ட வேண்டியிருந்தால், அந்த மேலதிகச் செலவு வீண் செலவு அல்ல. பழைய பலகைகளில் ஈயம் இருக்கலாம் என்பதால், எந்தப் பற்றாசைப் பாவித்தாலும் பின்வரும் ஒழுங்குகளைக் கைவிடக் கூடாது:

1. குசினியில் வேலை செய்யக் கூடாது. தனி மேசையும் தனித் தட்டமும் வேண்டும். அந்த மேசையில் உண்ணவோ குடிக்கவோ கூடாது.
2. யன்னலைத் திறந்து, மின்விசிறியைப் புகையை வெளியே இழுக்கும் விதமாக வைக்க வேண்டும். பலகையின் மேல் காற்று நேரே அடிக்கக் கூடாது.
3. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து, துணுக்குகளை மூடியுள்ள டின்னில் சேர்க்க வேண்டும்.
4. சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே வேறு எதையும் தொட வேண்டும்.
5. தட்டு முழுவதும் ஆறும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சூடான அலுமினியமும் குளிர்ந்த அலுமினியமும் பார்வைக்கு ஒன்றே.

சோல்டர் பேஸ்ட்டைக் குளிரில் வைக்க வேண்டும் என்று அதன் உறையில் எழுதியிருக்கும். ஆனால் உணவு வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் அதற்கு இடமில்லை. சிறிய ஊசிக்குழாயில் வருவதை, வேலை இருக்கும்போது மட்டும் வாங்கி, விரைவில் முடிப்பதே நல்லது. மின்குமிழ் திருத்தப் பேஸ்ட்டே வேண்டியதில்லை. கம்பிப் பற்றாசில் ஒரு துளியும் சிறிது பிளக்ஸும் போதும்.

வாங்கியபின் சோதிப்பது எப்படி?

திரையில் 230 என்று காட்டினால் தட்டு 230இல் இருக்கிறது என்று பொருளல்ல. உணரி தட்டின் அடியில் இருக்கும். மேற்பரப்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். நெற்றியில் பிடிக்கும் கொரோனாக் கால வெப்பமானி உடல் வெப்பநிலைக்கு மட்டுமே உரியது. தொழிற்கூடத்துச் செங்கீழ்க் கதிர் வெப்பமானியும் பளபளக்கும் அலுமினியத்தில் மிகக் குறைவாகவே காட்டும்; பளபளப்பான பரப்பு குறைவாகவே கதிர்வீசும் என்பது நாம் படித்ததே.

வெப்பவிணை பொருத்திய பல்மானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பற்றாசே வெப்பமானி. வெப்பமானிகளை நிலையான புள்ளிகளைக் கொண்டு அளவுகோடிடுவது போல, உருகுநிலை தெரிந்த பற்றாசுக் கம்பியில் ஐந்து சிறு துண்டுகளை வெட்டி, நான்கு மூலையிலும் நடுவிலும் வையுங்கள். அலுமினியம் அழுக்காகாமல் இருக்க, கீழே பழைய பலகைத் துண்டுகளை வைக்கலாம். சூட்டை ஐந்து ஐந்து பாகையாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சற்றுப் பொறுத்து, எந்தத் துண்டு எப்போது உருகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரை 230 காட்டும்போதுதான் 217 பாகைக் கம்பி உருகத் தொடங்குகிறது என்றால், உங்கள் தட்டின் திருத்தம் 13 பாகை. ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பலகையை நடுவில் மட்டும் வையுங்கள். இந்தக் குறிப்பைத் தட்டின் அடியிலேயே ஒட்டிவிட்டால் பாவிக்கும் எல்லோருக்கும் உதவும்.

தட்டால் முடியாதவை

இருபுறமும் பாகங்கள் உள்ள பலகை தட்டில் சமமாகப் படியாது. கம்பிக் கால்கள் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையும் அப்படியே. பிளாஸ்டிக் இணைப்பிகளும், உருளை வடிவ மின்பகுப்புக் கொள்ளளவிகளும் இந்தச் சூட்டைத் தாங்கமாட்டா. அவற்றைக் கடைசியில் அயனாலேயே ஒட்ட வேண்டும். மின்கலம் பொருத்திய எதையும் தட்டில் வைக்கவே கூடாது, அது வெடிக்கும். ஆகவே வெப்பத்தட்டு சோல்டரிங் அயனுக்குப் பதிலாக வருவதல்ல, அதற்குத் துணையாக வருவது. அயன் இல்லாதவர் முதலில் அயனையே வாங்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

முதலில் நீங்கள் கையாளப்போகும் ஆகப் பெரிய பலகையை அடிமட்டத்தால் அளவுங்கள். மின்குமிழ்ப் பலகையின் விட்டத்தையும் அளவுங்கள். அலுமினியப் பலகை தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தாலும் வெப்பம் பரவிவிடும். பச்சைப் பலகை தட்டுக்குள் அடங்கியே ஆக வேண்டும். பிறகு தட்டு, சார்ஜர், பற்றாசு, பிளக்ஸ், சாவணம், அனுப்பும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். இணையத்தில் வாங்குவோர் வரியையும் சேர்க்க வேண்டும். கொழும்பில் இருப்போர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலுள்ள இலத்திரனியல் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். தட்டு சமமாக இருக்கிறதா என்று அடிமட்டத்தின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது அங்கே மட்டுமே முடியும்.

வீட்டில் 65 வாற்று டைப்-சி சார்ஜர் இருந்தால், 250 பாகையை எட்டும், 50 மில்லிமீற்றர் அளவிலான குறைவோல்ற்றளவுத் தட்டே மாணவிக்கு முதல் தெரிவு என்பது என் முடிவு. சார்ஜர் இல்லாவிட்டால், புவித்தொடுப்பும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் உள்ள 100 மில்லிமீற்றர்த் தட்டு. அதற்கும் பணம் போதாவிட்டால், கட்டுப்பாடற்ற மலிவுத் தட்டைத் தனியாக வாங்குவதை விட, மூன்று நான்கு பேர் சேர்ந்து நல்லதொன்றை வாங்குவது மேல். ஒரு பலகைக்குப் பத்து நிமிடம் போதும் என்பதால், வாரம் ஒருவர் வீட்டில் வைத்தாலும் எவருக்கும் குறைவராது.

நாங்களும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். சின்னவன் தவழும் வயதைக் கடக்கும்வரை எங்கள் தட்டு தோழியின் வீட்டு மாடி அறையில் இருக்கும். உம்மா அதற்குச் சம்மதித்ததோடு, அணைந்துபோன ஏழு மின்குமிழ்களையும் ஒரு பையில் போட்டுத் தந்திருக்கிறார்.